மறைக்கல்வி முதலில் நம்மைக் கேட்கட்டும்

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நம் பிள்ளைகள் பத்துக் கட்டளைகளை மடமடவென்று ஒப்பிக்கிறார்கள். செபமாலை வரிசை தவறாமல் வருகிறது. புதுநன்மைக்கு எப்படிக் கை ஏந்துவது என்பதும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டில் நீ கை நனைப்பாயா என்று மட்டும் யாரும் அவர்களைக் கேட்பதில்லை. கேட்க வேண்டும். பல இனமும் பல மதமும் சேர்ந்து வாழும் நாட்டில் கிறிஸ்தவ மறைக்கல்வி பாகுபாட்டைக் குறைக்குமா என்று என்னைக் கேட்டால், குறைக்கும் என்றுதான் சொல்வேன். ஆனால் பிறர் நமக்குச் செய்வதைப் பேசுமுன், நாம் பிறருக்குச் செய்வதைப் பேசும் துணிவு அதற்கு வேண்டும்.

நான் நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளை. ரந்தாவுக்கும் லிங்கிக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகன். தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்தேன்; ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் மறைக்கல்வி எடுத்தேன். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் கிறிஸ்தவர்கள் 100க்கு 9 பேர். இந்நாட்டு இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 2010 கணக்கெடுப்பில் அவர்களில் கிறிஸ்தவர் 100க்கு 6 பேர்தான். சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக வாழ்கிறவர்களுக்குத் தங்களுக்கு நேரும் வேற்றுமை சட்டென்று உறைக்கும். தாங்கள் காட்டும் வேற்றுமை அவ்வளவு எளிதில் கண்ணில் படாது.

நமக்கு நேர்வதைப் பேச இடம் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு, அரசியலமைப்பே விலக்குத் தந்த இடங்கள் தவிர, மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டிச் சட்டத்திலும் அரசுப் பணியிலும் குடிமக்களிடையே பாகுபாடு கூடாது என்கிறது. 12ஆம் பிரிவு ஒவ்வொரு மதத்தாரும் தம் பிள்ளைகளுக்குத் தம் மதத்தைக் கற்பிக்க உரிமை தருகிறது. தன்னுடையதல்லாத மதக் கல்வியை எந்தப் பிள்ளை மீதும் திணிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 1983இல் பௌத்தர், கிறிஸ்தவர், இந்துக்கள், சீக்கியர் சேர்ந்து அமைத்த ஆலோசனை மன்றம் இன்றும் நமக்காகக் குரல் கொடுக்கிறது. அந்தப் போராட்டம் நடக்கட்டும், நடக்க வேண்டும். ஆனால் 12ஆம் பிரிவு நமக்குக் கொடுத்திருக்கும் அந்த ஞாயிறு வகுப்புக்குள் எந்த அரசு அதிகாரியும் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதற்கு நாம்தான் பொறுப்பு.

பள்ளிக்கூடத்தில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக்கல்வி. 1983இல் புதிய பாடத்திட்டத்தோடு தொடக்கப்பள்ளிக்கு வந்த பாடம் அது. நானும் நடத்தியிருக்கிறேன். மதிக்க வேண்டும், விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் அழகாக எழுதுவார்கள், புள்ளியும் வாங்குவார்கள். யாருக்குப் பெண் கொடுப்பது, யாரை வாசலோடு நிறுத்துவது என்பதையெல்லாம் அந்தப் பாடம் தொடாது. அவற்றை வீடு சொல்லிக்கொடுக்கிறது. வீட்டை எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே வகுப்பு மறைக்கல்விதான், ஏனென்றால் வீடும் அதே வேதத்தைத்தான் முத்தமிடுகிறது.

எங்கள் அப்பா காலத்தில் லயங்களே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன. கங்காணி ஊரில் ஆள் திரட்டும்போது தன் சாதிசனத்தைத் திரட்டுவான். வந்து இறங்கியதும் அவர்களை ஒரே லயத்தில் குடிவைப்பான். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பல் ஏறி வந்தவர்கள் தங்கள் தகரப்பெட்டியோடு இதையும் கொண்டுவந்தார்கள். தண்ணீர் பிடிக்கும் பைப்படி, கள்ளுக்கடைத் திண்ணை, திருவிழாவில் சப்பரம் தூக்கும் தோள், எல்லாவற்றிலும் யார் முன்னே யார் பின்னே என்ற கணக்கு இருந்தது. ரப்பர் மரத்துக்கு அது தெரியாது. எந்தச் சாதிக்காரன் உளி வைத்தாலும் மங்கில் ஒரே பால்தான் வடிந்தது.

கிறிஸ்தவர்கள் மட்டும் விலகி நின்றார்களா? இல்லை. இதைச் சொல்ல எனக்கு வேதனையாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விடக் கூடாது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊரில் 1872இல் எழுந்த கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு நடைகள்; ஒரு சாதியார் இந்தப் பக்கம், இன்னொரு சாதியார் அந்தப் பக்கம், நடுவில் தடுப்பு. ஒரே பீடம், ஒரே பூசை. 1910இல் தடுப்பை எடுத்தபோது, எடுக்கக் கூடாது என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். சீர்திருத்த சபைகளிலும் இதே கதை. 1833இலேயே ஆங்கிலிக்க ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை அடியோடு விட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூர்ச் சபைகள் கொந்தளித்தன, பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். இவ்வளவுக்கும் பிறகு 2003இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களைப் பார்த்து, தலித் மக்களைப் பிரித்து வைக்கக் கூடாது என்று மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது. அந்த ஊர்களிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் நாம்.

என் சிறுவயதில் எங்கள் தோட்டத்துக்குச் சாமியார் மாதம் ஒருமுறை வந்தால் பெரிது. மற்ற நாட்களில் உபதேசியார்தான். சைக்கிளில் வருவார். சாயங்காலம் ஆயாக்கொட்டகையில் கோணிச்சாக்கு விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். கேள்வி, பதில், கேள்வி, பதில். அர்த்தம் புரிகிறதோ இல்லையோ, மனப்பாடம் ஆக வேண்டும். அந்த முறையை இன்று பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. மேல் லயத்துப் பிள்ளையும் கீழ் லயத்துப் பிள்ளையும் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்த முதல் இடம் அந்தக் கோணிச்சாக்கு. உபதேசியார் சமத்துவம் பற்றி ஒரு பிரசங்கமும் செய்ததில்லை. உயரப்படி உட்காரவைத்தார், அவ்வளவுதான். எந்த லயம் என்று கேட்டு உட்காரவைக்கவில்லை. சில பெற்றோர் முணுமுணுத்தார்கள். அவர் மாற்றவில்லை.

பிற்பாடு நானே வகுப்பு எடுக்கத் தொடங்கியபோது, யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கினேன். சமாரியப் பெண்ணும் கிணறும். யூதர் சமாரியரோடு ஏனம் புழங்க மாட்டார்கள். இயேசுவிடம் தண்ணீர் மொள்ளப் பாத்திரம் இல்லை. அப்படியானால் அவர் குடிக்கக் கேட்டது அந்தப் பெண்ணின் பாத்திரத்திலிருந்துதான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒரு முறை இந்தப் பாடத்துக்கு ஒரு கூஜா தண்ணீரும் ஒரே ஒரு டம்ளரும் எடுத்துப் போனேன். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். ஒவ்வொருவராக அண்ணாந்து குடித்து அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். (இன்றைக்கு நோய்த்தொற்றுப் பயத்தில் இப்படிச் செய்ய மாட்டேன்.) நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு பையன் டம்ளரை வாங்கவில்லை. "தாகமில்லை சார்" என்றான். அவனுக்கு முன்னால் குடித்தவன் அந்த வருடம்தான் வகுப்பில் சேர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளை. வாங்க மறுத்தவனை நான் கடிந்துகொள்ளவில்லை. யார் வீட்டிலாவது யாருக்காவது தனிக் கோப்பை இருக்கிறதா என்று மட்டும் வகுப்பைப் பொதுவாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அதே பையன்தான் சொன்னான்: "எங்க வீட்ல புல்லு வெட்ட வர்ற நேப்பாளிக்கு ஒண்ணு இருக்கு சார். பாட்டி அதை வெளியிலேயே கவுத்து வச்சிருக்கும்."

அடுத்த ஞாயிறு அந்தப் பாட்டி என்னைத் தேடி வந்தார். கோபமாகத்தான் வந்தார். "வாத்தியாரே, பையனுக்கு என்னய்யா சொல்லிக் குடுத்தீங்க? அந்தக் கோப்பையை எடுத்து நம்ம கோப்பையோட கோப்பையா கழுவி அடுக்கிட்டான். இப்ப எது எதுன்னே தெரியல." "உட்காருங்கக்கா" என்றேன். கோயில் வளாகத்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். பேச்சு எங்கெங்கோ போய், அவர் வயசுப்பெண்ணாக இருந்தபோது துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்த கதைக்கு வந்தது. அங்கே அவருக்கென்று ஒரு தகரக் குவளை இருந்ததாம். சமையலறைக்குப் பின்னால், குழாய்க்கு மேலே ஓர் ஆணியில் தொங்குமாம். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். நான் எதுவும் சேர்த்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தக் கோப்பையைப் பற்றி என்னிடம் புகார் செய்யவில்லை.

இன்றைக்கு நம் தோட்டங்களில் செம்பனைக் குலை அறுக்கிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர், நேப்பாளியர், வங்காளதேசத்தவர். நாம் பிறந்த லயத்து வீடுகளில் அவர்கள் குடியிருக்கிறார்கள். நீலாயிலும் செனாவாங்கிலும் தொழிற்சாலை விடுதிகளில் அடுக்கடுக்காகத் தங்கியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் வீட்டுக் கூடங்களில் பேசுவதைக் கேளுங்கள். குடிக்கிறான், அழுக்கு, திருடுவான், நம் பெண்களைப் பார்க்கிறான். ஒரு வார்த்தை விடாமல் இதையெல்லாம் நகரத்துக்காரர்கள் நம் தாத்தாக்களைப் பற்றிச் சொன்னார்கள். சாதியின் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் தலைமுறை, அதே பழக்கத்தைப் பாஸ்போர்ட்டின் பேரில் தொடர்கிறது. மியன்மாரிலிருந்து ஓடிவந்தவர்களிலும் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவிலிருந்து வந்தவர்களிலும் கிறிஸ்தவர்கள் ஏராளம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்நாட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் சபா, சரவாக் பூர்வகுடி மக்கள் என்பதும் தெரியாது. நம் பிள்ளை கிறிஸ்தவன் என்றால் தன் மாமா, சித்தப்பா, அடுத்த வீட்டுச் சீனர் இவர்களைத்தான் நினைக்கிறது.

இன்னொரு பிளவு நம் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. சிரம்பான் போன்ற பட்டணங்களில் மிஷன் பள்ளிகள் நூறாண்டுக்கும் மேலாக எல்லா இனத்துப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்தன. அது பெரிய தொண்டு. ஆனால் அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் கிராணிமார், ஆசிரியர், ரயில்வே ஊழியர் வீட்டுப் பிள்ளைகள். தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத் தமிழ்ப்பள்ளி. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பலர் முதலில் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கழிக்க வேண்டியிருந்தது. இதனால் ஒரே பங்கில் இரண்டு தமிழர் கூட்டம் உருவாயிற்று: ஆங்கிலப் பூசைக்குப் போகும் தமிழர், தமிழ்ப் பூசைக்குப் போகும் தமிழர். எனக்குத் தெரிந்த ஒரு பங்கில் திருவிழா விருந்துக்கு முன்வரிசை மேசைகள் முதல் கூட்டத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. தோட்டத்திலிருந்து லாரியில் வந்தவர்கள் பந்தலுக்கு வெளியே நின்று சாப்பிட்டார்கள். யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதியிருப்பது அப்படியே இதுதான்: பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கை, கந்தல் உடுத்தவனுக்குக் கால்மாட்டில் இடம். அந்த வாசகம் ஞாயிறு பூசையில் வரும்போது நாம் தலையாட்டுகிறோம்.

ஆதித் திருச்சபையிலும் மொழிப் பிரச்சினை வந்தது. திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளோடு படித்துப் பாருங்கள். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் அதை மறுக்கவில்லை, மழுப்பவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி ஏழு பேருடையதும் கிரேக்கப் பெயர்கள். யார் ஒதுக்கப்பட்டதாகச் சொன்னார்களோ, அந்தப் பக்கத்து ஆட்களின் கையிலேயே அகப்பையைக் கொடுத்தார்கள். நம் பங்குப் பேரவைகள் இந்த ஓர் அதிகாரத்தை நடைமுறைப்படுத்தினால் போதும். தோட்டத்துக் குடும்பத்தவர் கணக்கு வழக்கைப் பார்க்கட்டும். பஹாசா மொழிப் பூசைக்கு வரும் தொழிலாளி விழாக்குழுவில் உட்காரட்டும்.

பிற மதத்தாரைப் பற்றி நம் வகுப்புகளில் என்ன பேசுகிறோம் என்பதும் இருக்கிறது. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிவிப்பு, இந்து, பௌத்தம் முதலிய பிற சமயங்களில் உள்ள உண்மையானதும் தூய்மையானதுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்றது. அதற்கு முன் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டவை வேறு. இன்றும் சில சபைகளில் அந்தப் பழைய குரல் ஒலிக்கிறது. எங்கள் தோட்டங்களில் கலப்புக் குடும்பங்கள் நிறைய. அப்பா கிறிஸ்தவர், அம்மா வழிப் பாட்டி மாரியம்மன் கோயிலில் கரகம் எடுப்பவர். வகுப்பில் ஆசிரியர் அம்மனைப் பழித்தால் பிள்ளையின் காதில் விழுவது தன் பாட்டியைப் பற்றிய வசை. கோயில் பொங்கலைச் சாப்பிடலாமா என்று பிள்ளைகள் என்னைக் கேட்டதுண்டு. ஒவ்வொரு குடும்பமும் தன் மனசாட்சிப்படி முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் கும்பிட்டு வேண்டாம் என்று சொல், முகம் சுளிக்காதே, கொடுத்த கையை அவமதிக்காதே என்பேன். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் ஜூலை மாதம் நம்மோடு மெழுகுவத்தி ஏற்றுகிற இந்துக்களை நாம் யாரும் தடுப்பதில்லையே. முஸ்லிம்களிடையே பிற மதப் பிரச்சாரத்துக்கு 11ஆம் பிரிவு கட்டுப்பாட்டுக்கு வழி வைத்திருக்கிறது. அண்டை வீட்டு மலாய்க்காரரின் நோன்பையும், இம்மாநிலத்தில் நிலம் தாய்வழியில் போகும் அடாட் பெர்ப்பாத்தே வழக்கத்தையும் நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள எந்தப் பிரிவும் தடையாக இல்லை.

எனக்கு மிக நெருக்கமான ஒரு விஷயத்தையும் சொல்கிறேன். நவம்பர் 2, கல்லறைத் திருநாள். பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போகும்போது, தாத்தாமார்களில் சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிச் சொல்வோம். தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் வாரிக்கொண்டு போன தமிழர்கள். அந்தத் துயரம் நம் பிள்ளைகளுக்கு ஓரளவு தெரியும். அதே காலத்தில், இதே மாநிலத்தில், 1942 மார்ச் 16 அன்று கோலப்பிலாவுக்கு அருகே பாரிட் திங்கியில் சீனர் கிராமம் ஒன்றே கொன்று குவிக்கப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டே நாள் கழித்து ஜெலுபுவில், தித்திக்குப் பக்கத்துக் குடியிருப்பிலும் அப்படியே நடந்தது. பகாவ் காட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து யுரேசியக் கத்தோலிக்கரும் சீனக் கத்தோலிக்கரும் குடியேற்றப்பட்டார்கள். அலுவலக வேலை மட்டுமே அறிந்தவர்கள் காடு வெட்டினார்கள், மலேரியாவில் மாண்டார்கள். அவர்களோடு மண்வெட்டி பிடித்த ஆயர் ஏட்ரியன் தெவால்ஸ் காலில் பட்ட காயம் முற்றி 1945 ஜனவரியில் இறந்துபோனார். தமிழர் தம் பிணங்களை அழுதார்கள், சீனர் தம் பிணங்களை, யுரேசியர் தம் பிணங்களை. எண்பது ஆண்டு ஆகியும் ஒருவர் துக்கத்தை மற்றவர் கேட்டதில்லை. இந்த ஒரு நாளிலாவது மூன்றையும் சேர்த்துச் சொல்லலாம். எங்கள் வகுப்பில் சொன்னபோது, தங்கள் சீன நண்பர்களின் கொள்ளுத்தாத்தாக்கள் எந்த ஊர் என்று கேட்டுவரப் பிள்ளைகள் தாமாகவே போனார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. லாபுவிலும் நீலாயிலும் ரப்பர் நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதிகள். லயங்கள் போய்விட்டன, சாதி பார்த்துப் பிரித்த பைப்படி போய்விட்டது. கல்யாணப் பேச்சு எடுக்கும்போது மட்டும் நல்ல கத்தோலிக்கக் குடும்பத்திலேயே, "நம்ம ஆளுங்கதானே?" என்ற கேள்வி வருகிறது. பையன் பூசைக்குப் போவானா என்பது அதற்குப் பிறகுதான். செபமாலை தொங்கும் சுவருக்குக் கீழே உட்கார்ந்து இதைக் கேட்கிறோம்.

பங்குத் தந்தையரே, மறைக்கல்வி ஆசிரியர்களே, உறுதிபூசுதலுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆண்டில் ஒருமுறை அவர்கள் வீடுகளுக்குப் போங்கள். பெற்றோரை உட்காரவைத்து, உங்கள் மகனுக்கோ மகளுக்கோ வரன் பார்க்கும்போது சாதி கேட்பீர்களா என்று பிள்ளையின் முன்னிலையிலேயே கேளுங்கள். வேலைக்கு வருகிறவருக்கு எந்தக் கோப்பையில் தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். பெற்றோர் கோபித்துக்கொள்ளலாம், வகுப்பிலிருந்து பிள்ளையை நிறுத்துவதாகக்கூடச் சொல்லலாம். அதற்காகக் கேட்காமல் வந்துவிடாதீர்கள்.